பூப்போட்ட லுங்கி

சிப்பாய்கள் படியேறுகிற சத்தம் கேட்டதும் அண்ணன் டேஸா மெமரி கார்டை ஒரு பூப்போட்ட லுங்கியின் இடுப்புப்பட்டைக்குள் செருகி, அதை வாசலுக்கு மேலே தொங்கவிட்டான். அதில்தான் அவன் திருட்டுத்தனமாக எடுத்த குறும்படம் இருந்தது. ஒரு ஆணைக் காதலித்துத் துப்பாக்கியைக் கீழே போடும் சிப்பாயின் கதை.

பெண்கள் மட்டுமே கட்டும் இந்தப் பூப்போட்ட லுங்கிக்கு அடியில் நுழைந்தால் ஆண்மை போய்விடும் என்று யாங்கோனில் எல்லா சிப்பாய்க்கும் பயம். வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆனால் அதிகாரி கேட்டான். "இந்த வீட்ல பொம்பளையே இல்லைன்னாங்களே. இது யாருது? படம் எடுக்குறவன் கட்டிக்கிறதா?"



"என்னுதுங்க. நாந்தான் கட்டுவேன்" என்றார் அப்பா. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணனோடு பேசாத அப்பா.

சிரித்துச் சிரித்து அவரை அடித்து இழுத்துப்போனார்கள்.

"உன் லுங்கிக்காக அப்பா ஏண்ணே மாட்டிக்கணும்?" என்று அழுதேன்.

"என்னோடது இல்லடா. அப்பா பெட்டிக்கு அடியில கெடந்துச்சு. அம்மாவோடதுன்னு நெனச்சேன்."

"அம்மா போனப்பவே அவங்க துணியெல்லாம் மடத்துக்குக் கொடுத்துட்டோமேண்ணே."

எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

அப்பா சொன்னது பொய்தானா?