விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

பூச்சே பூசாத அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தைத் திறந்தபோது, படமெடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். மாணவர்கள் வைத்த பெயர் தீப்பெட்டி.

அதை முப்பது வருடம் பராமரித்த சூப்பர்வைசர், சுவரில் கண்ட விரிசல் வளர்ந்தால் உடைந்து காட்டட்டும் என்று அதன்மேல் கண்ணாடித் துண்டொன்றை ஒட்டியிருந்தார். அது உடையவில்லை. உள்பக்கம் ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.

“வெறும் ஈரம்ணே,” என்றாள் இடிப்பு வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் பெண். “திங்கக்கிழமை இடிக்கப்போற சுவருக்கு என்ன வைத்தியம்? கிளம்புங்க.”

அவள் போனதும் ஆவி வேகவேகமாகப் படிந்தது, மாடியேறி வந்தவருக்கு மூச்சு வாங்குவதுபோல.

சூப்பர்வைசருக்கு மனம் கேட்கவில்லை. மனைவியைச் சமாதானப்படுத்தும் அதே குரலில் சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

“யாரும் இடிக்க மாட்டாங்க. உன்னை விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்?”

வீட்டிலும் அப்படித்தான், வாக்குக் கொடுப்பதில் அவர் மன்னன்.

ஆவி மெல்லத் தணிந்தது.

நல்ல பட்டப்பகலில் வாசலுக்கு வந்தார். தினமும் ஒற்றை விரலால் தள்ளும் கண்ணாடிக் கதவு, தோளைக் கொடுத்தும் அசையவில்லை. கையை ஆட்டிக் கத்தினார். வெளியே சத்தம் கேட்காத இன்ஜினியர் பெண் சிரித்தபடி கையசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

கதவில் அவர் முகத்துக்கு நேராக, உள்பக்கம் ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது.