ரெண்டு வீட்டு டிராக்டர்

“எஞ்சின மாத்திரலாம்னு சொல்லு” என்றான் அவன்.

மெக்கானிக் முப்புடாதி கையில் இருந்த பிஸ்டனைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தான்.

மரத்தடியில் அவன் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நடுவில் ஒரு டயர் குவியல்தான். கூப்பிட்டால் கேட்கும். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேருக்குக் கீழே அவன் பேரைப் போட்டார்கள். கூடப் பிறந்த சித்தப்பன் பேர், மாமன் பேருக்குக் கீழே. அதில் தொடங்கியது.

வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. வயலுக்கு நடுவே வரப்பு வந்தது. டிராக்டரை அறுக்க முடியவில்லை. அதனால் முறை வைத்தார்கள். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் அவன். வியாழக்கிழமை காலையில் சாவி சுவர்மேல் இருக்கும்.

டீசலை வழித்துத் தீர்த்துவிட்டுத்தான் இருவருமே சாவியை வைப்பார்கள். மிச்சம் விட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடுமே.

எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். இன்றைக்கு நான் ஊற்றினால் நாளைக்கு அவனல்லவா ஓட்டுவான்? அண்ணன் அப்படி நினைத்தான். அவனும் அப்படி நினைத்தான். யாரும் ஊற்றவில்லை.

எஞ்சின் எத்தனை நாள்தான் பொறுக்கும்? நடவுக்கு வயலை உழுது தொளி அடித்துக்கொண்டிருந்தபோது நடுவயலில் சேற்றுக்குள் ஒரே ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. நின்றது அவன் முறையில்தான். அதற்காக அண்ணன் யோக்கியன் ஆகிவிட முடியாது.

இப்போது நாற்று முற்றுகிறது. இரண்டு வீட்டு நாற்றும். வாடகைக்கு ஒரு வண்டியும் கிடைக்கவில்லை, எல்லாம் முன்னாலேயே பேசிவைத்தது. இன்றைக்கு ஒரு முடிவு சொன்னால்தான் பருவம் தவறாமல் வயலில் இறங்கலாம்.

முப்புடாதி காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டான். இந்த எஞ்சினையே பிரித்துச் சரிபண்ணலாம், கொஞ்சம் நாள் பிடிக்கும். இல்லையென்றால் உடைப்புக்கு வந்த வண்டி ஒன்றின் எஞ்சின் திருநெல்வேலியில் கிடக்கிறது. தூக்கிவந்து மாட்டிவிடலாம். அது எவ்வளவு காலம் ஓடும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வீட்டிலிருந்து கிளம்பினான். வந்து பார்த்தால் அண்ணன் முந்திக்கொண்டு ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறான். அப்புறம் எந்த வாயால் அதையே சொல்வது?

முப்புடாதி திரும்பி வந்தான்.

“சரி, மாத்திருவோம்ங்காவ.”

அவனுக்குச் சுருக்கென்றது. அண்ணன் ஒரே பேச்சில் ஒத்துக்கொள்கிற ஆளா? அந்தத் திருநெல்வேலி எஞ்சினில் என்னவோ இருக்கிறது.

“வேண்டாம். ரிப்பேரே பாக்கலாம்னு சொல்லு.”

முப்புடாதி தோளில் கிடந்த துணியை எடுத்துத் தரையில் அடித்தான்.

“ஏன் அண்ணாச்சி, நான் மெக்கானிக்கா, தபால்காரனா?”

ஆனாலும் போனான்.

இந்தத் தடவை நேரம் ஆயிற்று. அவன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து, பக்கவாட்டில் ஒரு ஓட்டை. கையை விடலாம் போல இருந்தது. எல்லாவற்றின்மேலும் எரிச்சலாக இருந்தது. அண்ணன்மேல், முப்புடாதிமேல், அந்த ஓட்டைமேல்கூட.

முப்புடாதி வந்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான்.

“என்னவாம்?”

“வண்டிய நீங்களே வச்சுக்கிடணுமாம். ரிப்பேரோ மாத்துததோ, ஒங்க இஷ்டமாம். அவுக பங்க சும்மாவே எழுதித் தந்துருதாவளாம். எனக்கு அலுத்துட்டு, நான் விலகிக்கிடுதேன்னாவ.”

ஆறு வருடமாக அவன் இதைத்தான் கேட்டான். சமாதானம் பேச வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்பினான். அண்ணன் விலகிக்கொண்டால் போதும், நிம்மதியாக இருப்பேன்.

கிடைத்துவிட்டது.



இனி யார் ஓட்டுவதற்குள் டாங்கை வழிப்பது? யாரைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கழுவுவது? சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அந்தச் சாவி ஒன்றுதான் அத்தாட்சி.

அழுகை வரும்போல் இருந்தது. நல்லவேளை, அதற்கு முன்னால் கோபம் வந்தது.

“அலுத்துட்டாமா?”

டயர்களை எட்டி உதைத்துக்கொண்டு போனான். மரத்தைச் சுற்றிக்கொண்டு அண்ணனுக்கு நேர் எதிரே நின்றான்.

“நீ ஆரு எனக்கு விட்டுக்குடுக்க? ஒனக்கு வேண்டாத வண்டி எனக்கு மட்டும் எதுக்கு?”

சொன்ன பிறகுதான், நேராகவே சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அண்ணன் நிமிரவில்லை. பட்டறைப் பக்கம் கழுத்தைத் திருப்பிக் கத்தினான்.

“ஏலே முப்புடாதி! இவன் என்ன சொல்லுதான்னு கேளுல!”

முப்புடாதி வரவில்லை. இரும்பு அறுக்கும் கிரைண்டரைப் போட்டான்.

காது கிழிந்தது. அண்ணனின் வாய் அசைந்தது. மேல் பல் ஒன்றைக் காணவில்லை. எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அவன் இன்னும் ஓர் எட்டு கிட்டே போனான்.