ஆளுக்கொரு டம்ளர்

பசை காய்வதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

நிஷா கடைசி டம்ளரில் காலண்டர் தாள் துண்டை ஒட்டி, 'ஜஸ்டின் சார்' என்று எழுதி, மேசையில் வைத்தாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. தனக்கு ஒன்று ஒட்ட நேரமில்லை.

அண்ணன் மகளின் முதல் பிறந்தநாள். பலூன் கிடையாது, பிளெக்ஸ் கிடையாது. பேப்பர் கப் கூடக் கிடையாது, அதற்குள்ளும் பிளாஸ்டிக் பூசியிருக்கிறதாம். அண்ணி தீபிகா ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான். பூமியைக் காப்பாற்றும் வேலை அண்ணிக்கு, பாத்திரம் தேய்க்கும் வேலை நிஷாவுக்கு.

அதுகூடப் பரவாயில்லை. பரணில் சும்மா கிடக்கிறதே என்று அண்ணி இறக்கச் சொன்ன எவர்சில்வர் டம்ளர்கள்தான் வினையாகிவிட்டன.

நிஷாவின் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட வாங்கி மிஞ்சியவை அவை. ஒவ்வொன்றிலும் 'நிஷா – அஸ்வின்' என்று பெயர் வெட்டியிருந்தது. அஸ்வினை விட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. கோர்ட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கியிருப்பது அவர்கள் வீட்டில். வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆளுக்கொரு டம்ளர், அதன்மேல் அவரவர் பெயர். மாறிப் போகாது, கழுவுகிற தண்ணீரும் மிச்சம். அண்ணி பூரித்துப் போனாள். செலோ டேப் மட்டும் கூடாது, மைதா பசை போதும் என்றாள்.

கோவில்பதாகை ஊரிலேயே இப்படி ஒரு விசேஷத்தைப் பார்த்ததில்லை என்று வந்தவர்கள் மெச்சினார்கள். அவரவர் பெயரைத் தேடி எடுத்து போட்டோவும் பிடித்துக்கொண்டார்கள். பெயருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பூங்காவனம் அத்தை நசரத்பேட்டையிலிருந்து வரும்வரை.

அப்பாவின் தங்கை. நெற்றியில் எட்டணா அளவு ஸ்டிக்கர் பொட்டு, வாய் நிறைய ஊர்க்கதை. போன வருஷம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில், "இன்னாடி, உன் புருசன் வரலியா?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டவள். நிஷா அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

அத்தை ஒரு மடக்கு நீர்மோர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதே டம்ளரு எங்க ஊட்லயும் ஒண்ணு கீதுடி."

நிஷா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியின் மறுகோடிக்கு நடந்தாள். ஜில்லென்ற மோர், வேர்த்து வழியும் டம்ளர், மைதா பசை. எத்தனை நேரம் தாங்கும்? அத்தை பக்கம் சிரிப்புச் சத்தம் எழும்பும்போதெல்லாம் சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றினாள். இன்றைக்கும் மானம் போகப்போகிறது என்றே நினைத்தாள்.

அத்தை கிளம்பும்போது அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. மாமா வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அண்ணி பதறிப்போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள்.

"வேர்வையில எங்க வுழுந்துச்சோ," என்று நெற்றியைக் காட்டிய அத்தை, நிஷாவின் பக்கம் திரும்பவேயில்லை.

எல்லோரும் போன பிறகு, பின்பக்கக் குழாயடியில் தொட்டி நிறைய டம்ளர்கள் கிடந்தன. தண்ணீர் பட்டதும் தாள்கள் ஒவ்வொன்றாக உரிந்து மிதந்தன. ஜஸ்டின் சார் போனார், நிஷா – அஸ்வின் வந்தார்கள். அடுத்ததிலும் நிஷா – அஸ்வின். எழுத்து கண்ணில் படாதபடி திருப்பிப் பிடித்துத் தேய்த்தாள். கை மரத்துப் போனது.

ஒரு டம்ளரில் மட்டும் தாள் இல்லை. அது முன்பே உரிந்துபோய், பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

'நிஷா' என்பது பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய பெயரின்மேல், எட்டணா அளவில் ஒரு அரக்கு நிறப் பொட்டு. விளிம்பெல்லாம் நகத்தால் அழுத்தி ஒட்டியிருந்தது.

நிஷா அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து, பொட்டு நனையாமல் குடித்தாள்.