முதல் பொட்டு

நமுனுகுல மலையைப் பனி மூடியிருக்கிறது. தோட்டத்து ஆபீசில் சரஸ்வதி பூசை. “மொதப் பொட்ட கம்பியூட்டருக்கு வைம்மா” என்கிறார் பெரிய கிளாக்கர். போன வருடம்வரை அந்தப் பொட்டு யோகமலரின் டைப்ரைட்டருக்குத்தான். புதிதாக வேலைக்கு வந்த வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய், ஒளிரும் திரையின் நெற்றியில் சந்தனம் வைக்கிறாள். அந்தப் பெட்டிக்கென்று ஒரு மின்விசிறி வேறு! இரண்டு விரலால் குத்திக் குத்தி அடிக்கிறவளுக்கு இவ்வளவு மரியாதை. எல்லோரும் பூசைக் கடலை வாங்க வெளியே போகிறார்கள். இன்று எந்தக் கருவியையும் தொடக்கூடாது. யோகமலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நுழைகிறாள். பத்து விரலும் பாய, குனிந்து பார்க்காமலே தன் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கிறாள். திரையில் அது பளிச்சென்று நிற்கிறது. “அக்கா, கடலை எடுத்துக்கங்க” என்று வாசுகியின் குரல் நெருங்குகிறது. யோகமலரின் கை, பிழையழிக்கும் வெள்ளை மைப் போத்தலை மேசையெங்கும் தேடுகிறது.