ஒரே சாப்பாடு

கணவர் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி அவர் சட்டைக் காலரைப் பிடித்திழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாளா நடக்குது இது?"

"எது?"

"எனக்குத் துரோகம் பண்றது!"

"ஐயோ, நீ வேற. காலையிலேர்ந்து சட்டைங்களுக்குக் காஜா எடுத்துக் கண்ணு பூத்துப்போய் வந்திருக்கேன்."

"பேச்சை மாத்தாதீங்க. வெளியில எதைத் தின்னுட்டு வர்றீங்க? மீனா, முட்டையா?"

தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் வாயைக் கட்டியதற்கு இதுதான் பரிசா?

அவருக்குக் கொழுப்பு எகிறியபோது, கறியைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. குறைப்பானேன், அடியோடு விட்டுவிடலாம் என்றவள் மனைவிதான். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், தேன்வரை வீட்டை விட்டுப் போயின.

"உங்களை விட்டுட்டு எனக்கு மட்டும் என்ன தனி ருசி? நானும் சேர்ந்தே விடறேன்" என்று அன்று அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் பாலில்லாத டீயை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகினார்.

பலன் இல்லாமல் இல்லை. கொழுப்பு இறங்கியது, தொப்பை கரைந்தது, பேன்ட்டைத் தானே இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் இருபது பெண்களை உட்காரவைத்து மனைவி இந்தச் சாப்பாட்டைப் பற்றி வகுப்பெடுப்பாள். "இவரைப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டார்!" என்று அவரையே காட்டுவாள். அவர் கூச்சத்தோடு சோயா பால் டம்ளர்களை நீட்டுவார்.

ஆனால் ஆறு மாதமாக விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பாதத்தில் எந்நேரமும் எறும்பு ஊர்ந்தது. போன வாரம் ஊசி குத்தியதே தெரியாமல் ஒரு வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தப் பொட்டு வைத்துவிட்டார். துணியின் நெளிவு தெரியாத விரலை வைத்துக்கொண்டு தையல்காரர் எப்படிப் பிழைப்பது?

"ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே? ரெண்டு பேருக்குமே ரத்தம் பார்த்துடுவோம்" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். நாளைக் காலை முடிவு வந்துவிடும். மனைவிக்கு அந்தக் கோபம்.

"என் சாப்பாட்டுல குத்தமே கிடையாது. நீங்க திருட்டுத்தனமா எதையோ தின்னு, அது ஒத்துக்காமத்தான் கை மரத்துப்போச்சு. பழி மட்டும் என் சமையல் மேல! வாரா வாரம் நானும்தான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க இல்லாத கறிக்குழம்பா? ஒரு வாழைப்பழத்தோட எழுந்து வந்துடறேன், தெரியுமா?"

அவர் தன் சட்டையில் விட்டுப்போன பொத்தானைத் தைக்க ஊசியை எடுத்தார். நூல் காதுக்குள் நுழையாமல் மூன்று முறை விலகிப் போனது.

"இப்படிக் குடுங்க" என்று பிடுங்கினாள் மனைவி. திட்டுவதை நிறுத்தாமலே, சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாமல், ஒரே தடவையில் நூலைக் கோத்து நீட்டினாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"கொழுப்பு, சர்க்கரை எல்லாம் அருமையா இருக்கு. அதுல குறை சொல்ல முடியாது" என்றார். "ஆனா பி12னு ஒரு சத்து. ஒருத்தருக்கு நல்லா இருக்கு. இன்னொருத்தருக்கு அதலபாதாளத்துல கிடக்கு. நரம்பு மரத்துப்போறது அதனாலதான்."

"யாருக்குக் குறைச்சல்?" என்று முந்திக்கொண்டாள் மனைவி.

"இவருக்குத்தான்."

"பார்த்தீங்களா!" அவள் குரல் வெளியே காத்திருந்தவர்கள்வரை கேட்டது. "ஒழுங்கா இருந்தவளுக்கு நல்லா இருக்கு. ஊரை ஏமாத்தினவருக்குக் குறைஞ்சிருக்கு. உடம்பு பொய் சொல்லுமா டாக்டர்?"

தையல்காரர் தலை குனிந்தார்.

"சொல்லாது" என்ற டாக்டரம்மா மனைவியின் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மூணு வருஷம் முன்னாடி எடுத்ததைவிட உங்களுக்குக் கூடியே இருக்கும்மா. அப்போ வாரம் ஒரு மாத்திரைன்னு எழுதிக் கொடுத்தேனே, விடாம போடறீங்களா?"

"மாத்திரையா?" மனைவி சிரித்தாள். "நான் தொட்டதுமில்லை, இவரைத் தொட விட்டதுமில்லை. சாப்பாட்டுல இல்லாததா மாத்திரையில இருக்கப்போகுது? எல்லாம் காய்கறி, பருப்புலேயே இருக்கு டாக்டர்!"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கும்மா, இந்த ஒண்ணைத் தவிர. மாத்திரை போடாதவங்களுக்கு இது பால், முட்டை, மீன், கறியிலதான் கிடைக்கும். இவர் திருடித் தின்னிருந்தா இவருக்குத்தான் கூடியிருக்கணும்."

மனைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஊசி எழுதறேன். கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வந்துடும். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா விரல் போனது போனதுதான்" என்றபடி டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

தையல்காரர் மரத்துப்போன விரல்களைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, அக்கா வீட்டுலேர்ந்து எனக்கும் ஒரு வாய் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே?"