கோட்டுக்கு வெளியே

பந்து மறுபடியும் குறுக்குக் கம்பிக்கு மேலே பறந்தது. துபாய் அணிக்கு இன்னொரு புள்ளி.

லீமா தொப்பியைக் கழற்றித் தொடையில் ஓங்கி அடித்தாள்.

அடித்தது அதே பதினோராம் எண் பெண்தான். முதல் பாதி முடியப்போகிறது. அபுதாபி அணியில் ஒருத்தியாலும் அவளை நிறுத்த முடியவில்லை.

இத்தனைக்கும் அவள் செய்வது ஒரே வித்தை. வலப்பக்கம் போவதுபோலத் தோளைச் சாய்ப்பாள். தடுக்க வருகிறவள் அந்தப் பக்கம் பாய்வாள். உடனே இடப்பக்கம் திரும்பி, கையிலிருக்கும் பந்தை இடது காலால் தூக்கி உதைத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் இதேதான். ஒவ்வொரு முறையும் இவர்கள் ஏமாந்தார்கள்.

யாருக்குமே கண் இல்லையா?

லீமாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

போன வருடம் வரை அவள்தான் இந்த அணியின் கேப்டன்.

குமரிக் கடற்கரையில் அவள் ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கால்பந்து ஆடினார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கடலில் விழுந்த பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலை. அபுதாபிக்கு நர்சாக வந்த பிறகு, ஒரே வார்டில் டியூட்டி பார்த்த அயர்லாந்துக்காரி ஓர்லா ஒரு நாள் மைதானத்துக்கு இழுத்துப்போனாள். ஆள் குறைகிறது, சும்மா வந்து நில் என்றாள். அவர்கள் ஊர் கேலிக் கால்பந்து. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். குறுக்குக் கம்பிக்கு மேலே போனாலும் ஒரு புள்ளி.

உயரமாக வந்த முதல் பந்தையே லீமா எட்டிப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவளை மைதானத்திலிருந்து கிளப்ப யாராலும் முடியவில்லை.

டியூட்டி முடிந்து தூங்காமல் ஓடினாள். கர்ப்பமாக இருந்தபோது மட்டும்தான் நிறுத்தினாள். இந்தியாக்காரியா கேப்டன் என்று சிரித்தவர்களை இரண்டு முறை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்து, கோப்பையோடு அவர்கள் முன்னாலேயே நடந்துபோனாள்.

தோஹாவில் ஒரு மோதலில் முழங்கால் போனது. ஸ்கேனைப் பார்த்த எகிப்திய டாக்டர் ஒரே சொல்லில் முடித்தார்.

கலாஸ். முடிந்தது, இனி ஆட்டமில்லை.

இப்போது கேப்டன் ஓர்லா. லீமாவுக்குக் கோட்டுக்கு வெளியே இடம்.

இடைவேளை விசில் ஊதியது. ஓர்லா மூச்சு வாங்க நேராக அவளிடம் வந்தாள்.

“உன்னிடம் இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் இருந்தேன். வேறு வழியில்லை. அவளை எப்படி நிறுத்துவது?”

லீமா மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தாள். பதினோராம் எண் புல்லில் மல்லாந்து கிடந்தாள். முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தோழிகளோடு சிரித்தாள். இந்தப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

அணிப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோரும் லீமாவின் வாயையே பார்த்தார்கள். பழைய நாட்களில் பார்த்த அதே பார்வை.

“தோளைப் பார்க்காதீர்கள். அது பொய். இடப்பக்கத்தை அடைத்து நில்லுங்கள். அவளுக்கு வலது காலால் உதைக்க வராது.”

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

இரண்டாம் பாதியில் அது பலித்தது. பதினோராம் எண் திரும்பிய இடத்திலெல்லாம் ஒருத்தி நின்றாள். பந்து கையை விட்டுப் போனது. ஒரு முறை இரண்டு பேர் சேர்ந்து மோதியதில் முழங்கை தேய விழுந்தாள். லீமாவின் கால்கள் தன்னால் கோட்டைத் தாண்டிவிட்டன. கோட்டு நடுவர் கொடியைக் காட்டி அவளைப் பின்னால் போகச் சொன்னார்.

அபுதாபி ஒவ்வொரு புள்ளியாக ஏறிச் சமன் செய்தது.

மறுபடியும் பந்தை இழந்தபோது அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். முதல்முறையாக இந்தப் பக்கம் பார்த்தாள். லீமா குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள்.

கடைசி நிமிடம். பந்து பதினோராம் எண்ணிடம் வந்தது. ஓர்லாவும் இன்னொருத்தியும் இடப்பக்கத்தை அடைத்தார்கள். அவள் தோளை வலப்பக்கம் சாய்த்தாள். யாரும் நம்பவில்லை.

இந்த முறை அவள் வலப்பக்கமே போனாள்.

வலது காலால் உதைத்தாள். சுத்தமான உதை. லீமா அந்தக் காலைப் பார்த்ததே இல்லை.

பந்து கம்பிக்கு மேலே போனது. விசில் ஊதியது.

லீமா பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியை எட்டி உதைத்தாள். அடிபட்ட காலால் உதைத்துவிட்டாள். உயிர் போகிற வலி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு நிமிடம் தன்னை உள்ளே விட்டிருந்தால் போதும், அந்த உதையைத் தடுத்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

பதினோராம் எண் தோழிகளின் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தாள். எதிரில் மண்டியிட்டு, லீமாவின் முழங்காலில் கை வைத்தாள்.

“நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, மம்மி?”

லீமா தலையாட்டினாள். துபாயில் காலேஜ் சேர்ந்த பிறகு மகள் ஆடுவதை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

“வலது கால் எப்ப மக்ளே படிச்சே?”

“லாஸ்ட் இயரே பிராக்டிஸ் பண்ணிட்டேன். உங்களைத் தாண்டிப் போகத்தான்,” என்றாள் ரெஷ்மா. “நீங்கதான் ஆட வரவே இல்லையே.”

லீமா தரையில் கையை ஊன்றி எழுந்து அவள் எதிரில் நிற்கப் பார்த்தாள்.

முழங்கால் விடவில்லை.