மீ அண்ட் மை ஒய்ஃப்

பழைய ஆபீஸ் நண்பர்கள் ஒன்றுகூடும் விழாவுக்கு அப்பா ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தார். முதல் வரியிலேயே அம்மா பேனாவை வைத்தாள்.

"'மீ அண்ட் மை ஒய்ஃப்' வருவோம்னு எழுதக்கூடாது. 'மை ஒய்ஃப் அண்ட் ஐ'. முப்பது வருஷமா சொல்றேன், மண்டையில ஏறவே இல்ல."

"உன் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வருமா?" என்றார் அப்பா பாவமாக.

விழாவுக்காகப் பழைய போட்டோ தேடிய மகளின் கையில் பழுப்பேறிய சுற்றறிக்கை ஒன்று அகப்பட்டது. 'மீ அண்ட் மை கிளார்க்' என்று யாரும் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது, 'மை கிளார்க் அண்ட் ஐ' என்றே எழுத வேண்டும் என்று அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து.

அவரைப் பால்கனிக்கு இழுத்துப்போனாள். "என்னப்பா இது?"

"மெதுவாப் பேசு. உங்கம்மா எங்க செக்‌ஷனுக்கு வர்றதுக்கு முன்னாடி போட்டது. வந்தப்புறம், நான் எழுதினதுல தப்பு இருந்தாத்தான் அவ எழுந்து என் மேஜைக்கு வருவா. பக்கத்துல நின்னு திருத்துவா. அப்படியே பழகிடுச்சு."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். காகிதத்தை மறைப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். அவள் விரல் கீழ் மூலைக்குப் போய் நின்றது. அங்கே டைப் அடித்தவரின் இனிஷியல், இரண்டு சின்ன எழுத்துகள்.

"அப்ப நான் அதே ஆபீஸ்ல, மாடியில டைப்பிஸ்ட். இதை அடிச்சதே நான்தான்," என்றாள். "அவர்கிட்ட சொல்லிடாத. நாளைக்கே ஒழுங்கா எழுத ஆரம்பிச்சிடுவார்."